அம்பேத்கர் எழுத்துக்குப் பட்டா யார் பேரில்?

எங்கள் சேரியில் ஒரு படிப்பு வட்டம் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், தையல் மிஷின் மிதிக்கிற பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இரண்டு மூன்று பேர். ஒருத்தர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம், பிறகு சண்டை போடுவோம்.

அம்பேத்கர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியது குறைவு. அதில் ஒன்று 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூல். அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்ட சிறுவனை, மகார் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். இரட்டைக் கூலி கொடுத்துப் பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதை எங்கள் தோழர் ஒருவர் தமிழாக்கிப் படித்த அன்றைக்கு வட்டத்தில் யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "எனக்கும் இதே வயசுதான் இருக்கும்"னு ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்.

இதைச் சின்னப் புத்தகமாகப் போடுவோம், 500 படி, பத்து ரூபாய், ஏப்ரல் 14க்கு விற்போம் என்று முடிவு செய்து அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் கேட்டார்: "தம்பி, அனுமதிக் கடிதம் இருக்கா?"

"என்னண்ணே, அம்பேத்கர் எழுத்துதான் 2017லேயே பொதுவாயிடுச்சே" என்றேன். தெரிந்த மாதிரித்தான் சொன்னேன். அவர் முன்பு ஒரு வழக்கில் மாட்டி அலைந்தவர். "எதுக்கும் ஒரு வக்கீலைக் கேட்டுட்டு வாங்க" என்றார். வழக்கறிஞராக இருக்கிற தோழர் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்து 24ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். அப்போதுதான் தெரிந்தது, நான் சொன்னது பாதிப் பொய் என்று. அந்தச் செய்தியைக் கேட்ட அதே பெரியவர் கேட்டார்: "அவரு நமக்குத்தானேப்பா எழுதுனாரு? நாம யாருகிட்டப் போயி கேக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

தாகூருக்குப் போட்ட பூட்டு

1957இல் வந்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை அவர் எழுத்தின் மேல் உரிமை உண்டு என்றது. உலக அளவில் பெர்ன் ஒப்பந்தம் கேட்பதும் இந்த 50தான். அதற்கு மேல் ஒரு நாள்கூட யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ரவீந்திரநாத் தாகூர் இறந்தது 1941 ஆகஸ்டில். ஆக, 1991 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர் எழுத்துக்கான உரிமை தீர வேண்டும். உரிமையை வைத்திருந்தது விஸ்வபாரதி. விட மனசில்லை. நரசிம்மராவ் அரசு 1991 டிசம்பர் 28இல் அவசரச் சட்டம் போட்டது. மூன்று நாள் பாக்கி இருக்கும்போது. 1992இல் அது முழுச் சட்டமானது. 50 ஆண்டு 60 ஆண்டானது.

தாகூர் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் ஒருவருக்காகச் செய்த சட்டம் ஒருவரோடு நிற்கவில்லை. எல்லோர் எழுத்துக்கும் பத்து வருசம் சேர்த்துப் பூட்டுப் போட்டது. அந்தப் பத்து வருசத்தில் யார் யார் மாட்டினார்கள் என்று அன்றைக்கு யாராவது கணக்குப் போட்டார்களா? இங்கே போடுவோம்.

எம்.சி. ராஜா இறந்தது 1943. பழைய சட்டப்படி அவர் எழுத்து 1994 ஜனவரியில் பொதுவாகியிருக்கும். ஆனது 2004இல். இரட்டைமலை சீனிவாசன் இறந்தது 1945. 1996இல் பொதுவாகியிருக்க வேண்டியது 2006க்குத் தள்ளிப் போனது. அம்பேத்கர் இறந்தது 1956 டிசம்பர் 6. 2007 ஜனவரி 1ஆம் தேதி அவர் வாழ்நாளில் வெளியிட்டதெல்லாம் மக்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 2017 ஜனவரி 1.

அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் முடிந்தது. பாரத ரத்னா 1990இல் கொடுத்தார்கள். நாடாளுமன்றத்தில் படம் மாட்டினார்கள். மாலை போட்ட கை காய்வதற்குள் அதே நாடாளுமன்றம் அவர் எழுத்தின் மேல் இன்னும் பத்து வருசத்துக்குப் பூட்டுப் போட்டது. அவரை நினைத்துப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவரை நினைக்கவே இல்லை என்கிறேன். யாருடைய இலக்கியம் தேசத்தின் சொத்து, யாருடையது கணக்கிலேயே வராதது என்பது அந்த மூன்று நாள் அவசரத்தில் தெரிகிறது.

இந்த வியாதி இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1998இல் சட்டம் போட்டு இருபது வருசம் நீட்டினார்கள். டிஸ்னி கம்பெனியின் மிக்கி மவுஸ் பொதுவாகிவிடுமே என்ற கவலை அதன் பின்னால் இருந்தது ஊரறிந்த விஷயம். அதனால் அங்கே 2019 வரை பழைய புத்தகம் ஒன்றுகூட காலம் தீர்ந்து வெளியே வரவில்லை. கனடா 50இல் இருந்தது. அமெரிக்காவோடு செய்த வணிக ஒப்பந்தத்துக்காக 2022 கடைசியில் 70 ஆக்கிவிட்டது. நாளைக்கு நம்மிடமும் "70 ஆக்கு" என்று கேட்பார்கள். அப்போது தாகூர் பேரையோ வேறு மகான் பேரையோ சொல்லிக்கொண்டு வருவார்கள். நினைவில் வையுங்கள்.

2017இல் வந்தது எது, வராதது எது?

2017 ஜனவரியில் நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். 'சாதியை ஒழிக்கும் வழி' பொதுவானது. 'காந்தியும் காங்கிரசும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன', 'சூத்திரர்கள் யார்', 'தீண்டத்தகாதவர்கள்' எல்லாம் பொதுவாயின. அவர் உயிரோடு இருக்கும்போது அச்சில் வந்தவை இவை.

ஆனால் அம்பேத்கர் எழுதியதில் பெரும்பங்கு அவர் உயிரோடு இருக்கும்போது அச்சேறவில்லை. கையெழுத்துப் படிகளாகவும் தட்டச்சுப் படிகளாகவும் பெட்டிகளில் கிடந்தது. 1979இல்தான் மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்டது. வசந்த் மூன் என்கிற மனிதர் உட்கார்ந்து தாள் தாளாகச் சேர்த்துத் தொகுத்தார். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள்.

இப்போது 24ஆம் பிரிவுக்கு வருவோம். ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியாகும் நூலுக்கு, அவர் இறந்த நாளிலிருந்து கணக்கு இல்லை. நூல் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே.

'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் வந்தது. அது 2018இல் பொதுவானது. சரி. 'பண்டைய இந்தியாவில் புரட்சியும் எதிர்ப்புரட்சியும்', 'இந்துமதத்தில் புதிர்கள்' இரண்டும் 1987இல் வந்தவை. 2047 டிசம்பர் வரை உரிமை தீராது. நாங்கள் அச்சிடப் போன 'விசாவுக்காகக் காத்திருத்தல்' முதலில் புத்தகமாக வந்தது 1990இல். 2050 டிசம்பர் வரை பூட்டு. 1930களில் எழுதியது. நூறு வருசத்துக்கு மேல் ஆகும் அது நம் கைக்கு முழுசாக வர. எந்த நூல் சாதியின் வேரில் கை வைக்கிறதோ, எந்த நூல் நம் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியதோ, அதுதான் உள்ளே இருக்கிறது.

"அதான் இணையத்துல கிடைக்குதே, இறக்கிப் படிச்சுக்க வேண்டியதுதானே" என்று ஒரு தோழர் கேட்டார். கிடைக்கிறது. வெளியுறவு அமைச்சகமே ஆங்கிலத் தொகுதிகளைத் தன் தளத்தில் போட்டது. ஆனால் வாசிக்கக் கிடைப்பது வேறு, அச்சிட, மொழிபெயர்க்க, நாடகமாகப் போட உரிமை இருப்பது வேறு. பண்ணையார் கிணற்றில் அவர் மனசு வைத்தால் ஊற்றுவார். அதனால் கிணறு நமதாகிவிடுமா?

மொழிபெயர்ப்பு என்கிற இரண்டாவது பூட்டு

இன்னொன்று. மூலம் பொதுவானாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. எங்கள் வட்டத்தில் ஆங்கிலத்தில் அம்பேத்கரைப் படிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்கு அம்பேத்கர் என்றால் தமிழ் அம்பேத்கர்தான். நடுவண் அரசின் அம்பேத்கர் அறக்கட்டளைக்காக நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வெளியிட்ட தமிழ்த் தொகுதிகள்தான் நம் வீடுகளில் இருக்கின்றன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அரசுப் படைப்பு என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்கிறது 28ஆம் பிரிவு. நம் வரிப்பணத்தில் நமக்காகச் செய்த தமிழாக்கத்திலிருந்து ஒரு அத்தியாயத்தை எடுத்துச் சேரியில் துண்டு நூலாகப் போட, நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை காத்திருக்க வேண்டுமா?

வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. நூல் வெளியாகி ஏழு ஆண்டு கழித்து மொழிபெயர்ப்பு உரிமம் கேட்டு மனுப் போடலாம் என்கிறது 32ஆம் பிரிவு. மனு, வக்கீல், ராயல்டி, வாய்தா. பத்து ரூபாய்ப் புத்தகம் போடுகிற படிப்பு வட்டத்துக்கு இது வழியா?

1936ஐ நினைத்துப் பாருங்கள். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் உரையை வாங்கிப் படித்துப் பார்த்து மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் தன் காசில் 1,500 படி அச்சடித்தார். இரண்டு மாதத்தில் தீர்ந்தது. குசராத்தியிலும் தமிழிலும் உடனே வந்துவிட்டது. மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் வந்துகொண்டிருப்பதாக 1937ஆம் வருசத்து இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு. ஒரு வருசத்துக்குள் ஆறு மொழி! இயக்கத்தின் கையில் எழுத்து இருந்தால் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெரியார் எழுத்துக்கே என்ன நடந்தது? குடிஅரசு எழுத்துகளைத் தொகுத்து வெளியிடப் போன பெரியார் திராவிடர் கழகத்தின் மேல், பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் வழக்குப் போட்டது. 2009இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. 2010இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. கடவுளை மறுத்தவர் எழுத்துக்குப் பூசாரி உரிமை கேட்டு நீதிமன்றம் போனோம். இதில் வெட்கப்பட நமக்கும் பங்கு உண்டு.

சாவி அரசிடம் இருந்தால்

"அரசு கையில் இருப்பது நல்லதுதானே, கண்டவன் திருத்தாமல் இருப்பான்" என்கிறவர்கள் உண்டு. 1987இல் 'இந்துமதத்தில் புதிர்கள்' வந்தபோது என்ன ஆயிற்று? ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை எடு என்று சிவசேனை தெருவில் இறங்கியது. புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அரசு பின்வாங்கியது. 1988 பிப்ரவரியில் பம்பாய்த் தெருக்களில் தலித் மக்கள் லட்சக்கணக்கில் திரண்ட பிறகுதான் அந்தப் பகுதி பிழைத்தது. அதுவும் எப்படி? இந்தக் கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடு இல்லை என்று ஒரு குறிப்போடு. அம்பேத்கர் எழுதியதை அச்சிடவே ஒரு மன்னிப்புச் சீட்டு!

சரி, அச்சிடவாவது செய்தார்களா? 2021 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. தொகுதிகளை அச்சிட வாங்கிய காகிதம் கிடங்கில் கிடக்கிறது, புத்தகம் வரவில்லை என்ற பத்திரிகைச் செய்தியை வைத்து. நாகபுரி தீட்சாபூமியிலும் டிசம்பர் 6 அன்று சைத்யபூமியிலும் கால்கடுக்க நின்று, சோறு வாங்கும் காசில் புத்தகம் வாங்குகிற மக்கள் இருக்கிற நாட்டில் காகிதம் கிடங்கில் கிடந்திருக்கிறது. வேண்டாம் என்றா நாம் சொன்னோம்?

'பொது' என்றால் யாருக்குப் பொது?

இதுவரை படித்துவிட்டு, பூட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 'பொது' என்ற சொல்லை நம்மைவிடச் சந்தேகமாகப் பார்க்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்ப்பொதுக் குளம், ஊர்ப்பொதுச் சுடுகாடு. அந்தப் பொதுவில் சேரி என்றைக்கு இருந்தது?

பம்பாய் சட்டமன்றம் 1923இல் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்கத் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் குளம் பொது. ஆனால் ஒரு மகார் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 வரை ஆனது. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்க் குடித்த பிறகு அடி விழுந்தது. பஞ்சகவ்யத்தைக் குடம் குடமாக ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பிறகு நீதிமன்றம். தீர்ப்பு முடிய 1937.

அயோத்திதாசப் பண்டிதர் கதையும் இதேதான். அவர் இறந்தது 1914. அன்றைய சட்டப்படி 50 ஆண்டு என்று வைத்தால் 1965இல் எந்த உரிமையும் பாக்கியில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அச்சிட்டார்களா? கோலார் தங்கவயல் பௌத்தர்கள் முந்திய காலத்தில் அவர் நூல்களைக் கையில் ஏந்திக் காப்பாற்றினார்கள். பல்கலைக்கழகம், கழகம், அகாதமி என்று தமிழுக்குக் காவல் இருந்தவர்கள் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் 'தமிழன்' இதழ் எழுத்து பரவலாகக் கிடைத்தது. பூட்டே இல்லாமல் 34 வருசம் கிடந்த வீடு அது. பதிப்புரிமை ஒரு பூட்டு என்றால் சாதி இன்னொரு பூட்டு. முதல் பூட்டுக்குக் காலக்கெடுவாவது உண்டு.

பொதுவானதும் முதலில் நுழைகிறவர்கள் யார் என்பதும் கேள்விதான். காசுள்ள பதிப்பகங்கள் வழவழ அட்டையில் நானூறு ரூபாய்க்குப் போடும். காவி உடுத்தியவர்களும் போடுவார்கள். பாகிஸ்தான் பற்றி எழுதியதில் நாலு வரி, பௌத்தத்தைப் பற்றி ரெண்டு வரி என்று பொறுக்கியெடுத்து, அம்பேத்கரை இந்து வீட்டுப் பிள்ளையாக்குவார்கள். சவுதார் குளத்தில் ஊற்றிய குடம்தான் இது. ஆனால் இதற்கு மருந்து பூட்டு இல்லை. பூட்டி வைத்திருந்தபோதும் அவர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எழுத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைக் காலம் தீர்ந்தாலும் வாரிசுகள் வழியாக அது நிற்கிறது. அதைவிட நல்ல மருந்து, முழுநூலைப் பத்து ரூபாய்க்கு நாமே கொடுப்பது. முழுசாகப் படித்தவனை நாலு வரி காட்டி ஏமாற்ற முடியாது.

எழுதுகிறவன் வயிறு

உயிரோடிருக்கும் தலித் எழுத்தாளர்களின் உரிமையையும் பிடுங்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. என் கதை ஒன்றை ஒரு பதிப்பகம் தொகுப்பில் போட்டது. சொல்லவில்லை, கேட்கவில்லை, ஒரு படிகூட அனுப்பவில்லை. கேட்டதற்கு, "உங்கள எல்லாரும் படிக்கட்டுமேன்னு போட்டோம்" என்றார்கள். நம் எழுத்து என்றால் மட்டும் இவர்களுக்குத் திடீரென்று பொதுவுடைமை ஞானம் வந்துவிடும். நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரியையும் தாலாட்டையும் எழுதிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கினார்கள். பாடியவள் பெயர்கூட அதில் இல்லை. அவளுக்கு எந்தச் சட்டம் 60 ஆண்டு கொடுத்தது?

எழுதுகிறவள் உயிரோடு இருக்கும்வரை அவள் உரிமையை ஒரு பைசா குறையாமல் கொடு. அதற்காக நானும் சண்டைக்கு வருவேன். செத்து 60 வருசம் என்பது எழுதியவளுக்கு அல்ல. உரிமையைச் சல்லிக் காசுக்கு மொத்தமாக எழுதி வாங்கி வைத்திருக்கிற முதலாளிக்கு.

என்ன செய்யலாம்?

முன்னுதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. பாரதி பாடலை ஒரு சினிமா முதலாளி உரிமை கொண்டாடிய காலத்தில் கிளர்ச்சி எழுந்து, 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளை வாங்கியது. குடும்பத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்கப்புறம் எத்தனையோ எழுத்தாளர்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. பாரதிக்கு முடிந்தது அம்பேத்கருக்கு ஏன் முடியாது?

நான் கேட்பது இவை. அம்பேத்கர் மறைவுக்குப் பின் வெளியான எல்லா எழுத்தையும் 2047, 2050 என்று காத்திருக்க வைக்காமல், உரியவர்களுக்கு உரியதைக் கொடுத்து நடுவண் அரசும் மகாராஷ்டிர அரசும் இப்போதே பொதுவாக்க வேண்டும். அரசுப் பணத்தில் வந்த தமிழாக்கங்களை யாரும் அச்சிடலாம், பேசலாம், நடிக்கலாம் என்று அறிவிக்க வேண்டும். 24ஆம் பிரிவு போக வேண்டும். 60 மறுபடி 50 ஆக வேண்டும்.

மாணவத் தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: அரசு தரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1956க்குள் வந்த அம்பேத்கர் நூல் அத்தனையும், எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசர் எல்லாம் இன்றைக்கு யார் அனுமதியும் தேவையில்லாதவை. மூலத்தை எடுங்கள். புதிதாக, நம் சனங்கள் பேசுகிற தமிழில் மொழிபெயர்ப்புச் செய்யுங்கள். பழைய இதழ் எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று தேடுங்கள். கரையான் சட்டப் பிரிவு பார்த்துத் தின்னாது. ஒரு விடுதி அறைக்கு ஒரு நூல் என்று எடுத்துக்கொண்டால்கூட இரண்டு வருசத்தில் ஒரு அலமாரி நிறையும். உங்கள் மொழிபெயர்ப்பை யாரும் அச்சிடலாம் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். நாமும் பூட்டுப் போட ஆரம்பித்துவிடக் கூடாது.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' தமிழாக்கம் 500 படியும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை இங்கே எழுதுவதற்கில்லை. ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவுக்கு வாருங்கள். அந்தப் பெரியவர் கையில் ஒரு படி இருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும்.